விண்டோஸ் மாற்றிய பின் ஆன்டிவைரஸ் சத்தம் நின்றுபோனால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று தீவுப் பக்கத்திலும், தேவிபட்டினம், தொண்டி என்று வடக்குப் பக்கத்திலும், எங்கள் கடற்கரை ஊர்களில் ஜெராக்ஸ் கடையோ இ-சேவை மையமோ கைபேசிக் கடையோ வைத்திருப்பவர்களுக்கு ஆன்டிவைரஸின் சத்தம் வேலைக்கு வேண்டிய ஒரு கருவியாகவே இருக்கிறது. படகுப் பதிவுச் சான்றை அச்செடுக்க ஒருவர் பென் டிரைவைத் தருவார். கடலுக்குப் போகும் முன் பாட்டு ஏற்றித் தரச் சொல்லி இன்னொருவர் மெமரி கார்டை நீட்டுவார். அவற்றைக் கணினியில் செருகிவிட்டு நாம் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிடுகிறோம். அந்த நேரத்தில் நம் கண் திரையில் இருப்பதில்லை. காது மட்டுமே கணினியோடு இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையொட்டிப் பல கடைகளில் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய சில நாட்களில் பாம்பனில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, விண்டோஸ் மாத்துனதுலேர்ந்து ஆன்டிவைரஸ் சத்தமே காணோம்ணே, அது வேலை செய்யுதா இல்லையான்னே தெரியல" என்றார். எனக்கும் அதே அனுபவம் ஏற்கெனவே நேர்ந்திருந்தது. ஒரு பென் டிரைவில் இருந்த வைரஸை முதல் கணினி பிடித்து, திரையின் மூலையில் ஒரு பெட்டியையும் காட்டியிருக்கிறது. சத்தம் வராததால் நான் அதைக் கவனிக்கவில்லை. அச்சு வேலைக்காக அதே பென் டிரைவைக் காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்த இரண்டாம் கணினியில் செருகினேன். அதில் இருந்த கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிவிட்டன. சரி செய்ய ஒரு நாள் முழுவதும் போனது. கணினிக்குப் புதியவர்களும் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் யாருடைய உதவியும் இல்லாமல் இதைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே நான் பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன். திரையில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களை அவை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 11-ஐ மனத்தில் வைத்து எழுதினாலும், பெரும்பாலான படிகள் விண்டோஸ் 10-க்கும் பொருந்தும்.

சத்தத்தைத் தேடும் முன் காவலைப் பாருங்கள்

ஆன்டிவைரஸ் என்பது ஒரே நிரலாகத் தோன்றினாலும், உள்ளே குறைந்தது இரண்டு பகுதிகளாக இயங்குகிறது. ஒன்று, கணினி தொடங்கியதிலிருந்து பின்னணியில் ஓடிக்கொண்டு கோப்புகளைச் சோதிக்கும் சேவைப் பகுதி. மற்றொன்று, நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு கடிகாரத்தின் அருகே சின்னமாக அமர்ந்து, பெட்டி காட்டுவதையும் ஒலி எழுப்புவதையும் செய்யும் பகுதி. 2007-இல் பொதுமக்கள் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்தப் பின்னணிச் சேவைகள் பயனரின் திரையோடு நேரடியாகத் தொடர்பு கொள்ள முடியாதபடி தனி அமர்வில் ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆகவே சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னப் பகுதி மட்டும் தொடங்காமல் போகலாம். அப்போது வைரஸ் பிடிபடும், சத்தம் வராது. இதற்கு நேர்மாறாக, ஆன்டிவைரஸ் புதிய இயங்குதளத்தோடு பொருந்தாமல் முழுவதுமே நின்றுபோயும் இருக்கலாம். இரண்டுமே வெளியே ஒரே மௌனமாகத்தான் தெரியும். ஒலி அமைப்புகளுக்குள் நுழையும் முன் இவற்றில் எது நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒலியை மட்டும் தேடி அரை நாள் செலவழித்துவிட்டு, காவலே இல்லை என்று கடைசியில் கண்டறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதனுள் விண்டோஸ் செக்யூரிட்டி, அதனுள் வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன் என்று செல்லுங்கள். நீங்கள் வாங்கிய ஆன்டிவைரஸின் பெயர் அங்கே இருந்து, அது இயக்கத்தில் இருப்பதாகவும் சொன்னால் காவல் நடக்கிறது. அந்தப் பெயர் இல்லாமல், விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் மட்டும் தெரிந்தால், நீங்கள் வாங்கியது இயங்குதள மாற்றத்தில் விலகிவிட்டது, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். விண்டோஸ் 10-இலும் 11-இலும் வேறு ஆன்டிவைரஸ் விலகினால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும். ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பழைய ஆன்டிவைரஸின் சத்தம் இனி எங்கிருந்தும் வராது என்பதால் நேராக மறுபடி நிறுவும் பகுதிக்குப் போய்விடலாம். அந்தப் பக்கத்தில் சிவப்பு எச்சரிக்கை இருந்தால், பென் டிரைவ் எதையும் செருகாமல் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கணினியே ஊமையாகிவிட்டதா?

அடுத்து ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பாட்டு கேட்டால் ஸ்பீக்கரில் குறையில்லை. இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கேட்கவில்லையானால், கடிகாரத்தின் அருகே உள்ள ஸ்பீக்கர் சின்னத்தை வலச்சொடுக்கி, சவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, அவுட்புட் என்ற இடத்தில் எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இயங்குதள மாற்றத்துக்குப் பிறகு எச்டிஎம்ஐ கம்பியால் இணைந்த மானிட்டர் ஒலிக்கருவியாகத் தேர்வாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. ஒலி அங்கே போய் வீணாகும். உங்கள் உண்மையான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று படியும் கடைகளில் ஹெட்போன் செருகும் துளையின் உள்ளே இருக்கும் சிறிய உலோகத் தொடுவான் துருப்பிடித்து ஒட்டிக்கொள்கிறது. அப்போது எதையும் செருகாமலேயே ஹெட்போன் செருகியிருப்பதாக மடிக்கணினி எண்ணிக்கொண்டு, தன் ஸ்பீக்கரை அடக்கிவிடும். புதிய விண்டோஸ் வந்த நேரமும் துருப்பிடித்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் பழி விண்டோஸ் மேல் விழும். கணினியை அணைத்துவிட்டு, ஒரு ஹெட்போன் முனையைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்துப் பாருங்கள். பல நேரங்களில் இதிலேயே தொடுவான் விடுபடும். இல்லையென்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்த மெல்லிய பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிறகு கணினியைப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் ஒலி வரவில்லையானால் ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட், வீடியோ அண்டு கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள ஒலிக்கருவியின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே பொருத்தமான ஒன்றை மறுபடி ஏற்றிக்கொள்ளும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருந்தால் அதை நிறுவுவது இன்னும் நல்லது.

தொந்தரவு வேண்டாம் என்னும் அமைப்பு

பாட்டு கேட்கிறது, காவலும் இருக்கிறது, ஆனால் அறிவிப்புச் சத்தம் மட்டும் இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விண்டோஸின் டு நாட் டிஸ்டர்ப் அமைப்பையே. செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று செல்லுங்கள். டு நாட் டிஸ்டர்ப் என்ற விசை இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். அதற்குக் கீழே, இந்த அமைப்பு எந்தெந்த நேரங்களில் தானாக இயங்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல் விரியும். அதை வரிவரியாகப் படிக்க வேண்டும், ஏனெனில் அதில் இரண்டு வரிகள் நம் பிரச்சினைக்கு நேரடியாகக் காரணமானவை.

விண்டோஸின் பெரிய மேம்படுத்தல் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு அறிவிப்புகளை அடக்கிவைக்கும் விதி அவற்றில் ஒன்று. இயங்குதளத்தை மாற்றியவுடன் ஆவலோடு சோதித்துப் பார்த்து, சத்தமே இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் உண்மையில் இந்த ஒரு மணி நேரத்துக்குள் சோதித்தவர்களாக இருக்கலாம். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால் போதும். மற்றொன்று, ஒரே திரைக்காட்சியை இரண்டு மானிட்டர்களில் காட்டும்போது அறிவிப்புகளை அடக்கும் விதி. விண்ணப்பத்தில் பெயர், முகவரி சரியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வதற்காக அவர் பக்கம் திருப்பி வைத்த இரண்டாவது மானிட்டர் பல மையங்களில் இருக்கிறது. அந்தக் கணினிகளில் இந்த விதி காலை முதல் இரவு வரை ஆன்டிவைரஸின் வாயைக் கட்டிவைத்துவிடும். அந்த வரியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். முழுத்திரையில் ஒரு நிரல் ஓடும்போது அடக்கும் விதியும் அதே பட்டியலில் இருக்கிறது. கடைக் கணினியில் அதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து.

அதே பக்கத்தின் மேற்பகுதியில் அறிவிப்புகள் ஒலி எழுப்ப அனுமதிக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் குறி இருக்க வேண்டும். கீழே நிரல்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயரைச் சொடுக்கி உள்ளே சென்றால், அறிவிப்பு வரும்போது ஒலி எழுப்பும் விசை அதற்கென்று தனியாக இருக்கும். டிஃபெண்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பக்கமே முதன்மையானது. அது தன் எச்சரிக்கைகளை விண்டோஸின் பொதுவான அறிவிப்பு வழியாகவே தெரிவிக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயரில் பட்டியலில் தேடுங்கள்.

கடிகாரத்தின் அருகே சின்னம் இருக்கிறதா?

முன்பு சொன்ன இரண்டு பகுதிகளில் ஒலிக்கும் பகுதி ஓடுகிறதா என்பதை இப்போது பார்க்கலாம். கடிகாரத்தின் பக்கத்தில் மேல்நோக்கிய சிறிய அம்புக்குறியை அழுத்தினால் மறைந்திருக்கும் சின்னங்கள் தெரியும். அங்கே ஆன்டிவைரஸின் சின்னம் இல்லையென்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். ஆன்டிவைரஸின் பெயருக்கு நேரே டிசேபிள்டு என்று இருந்தால், வலச்சொடுக்கி எனேபிள் கொடுத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். டிஃபெண்டருக்கான வரி விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான் என்ற பெயரில் இருக்கும்.

கணினி வேகமாகத் தொடங்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவைப்பவர்கள் நிறையப் பேர். இயங்குதளம் மாற்றிக்கொடுத்த கடையிலேயே நல்லெண்ணத்தோடு அப்படிச் செய்து அனுப்பிவிடுவதும் உண்டு. சில நொடி வேகத்துக்காகக் காவல்காரனின் குரலை விற்பது சரியான பேரம் அல்ல.

சின்னம் இருக்கிறதென்றால் அதைத் திறந்து, ஆன்டிவைரஸின் சொந்த அமைப்புகளுக்குள் செல்லுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தாலும், பொதுவாக ஜெனரல், நோட்டிஃபிகேஷன்ஸ், இன்டர்ஃபேஸ் போன்ற தலைப்புகளில் ஒன்றின் கீழ் ஒலிக்கான பெட்டி இருக்கும். சைலன்ட் மோடு, கேமிங் மோடு என்ற பெயர்களில் உள்ள அமைதி நிலைகளும் அணைந்திருக்க வேண்டும். புதிய இயங்குதளத்துக்காக ஆன்டிவைரஸ் தன்னைப் புதிய பதிப்பாக மாற்றிக்கொண்டிருந்தால், உங்கள் பழைய தேர்வுகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும். அவாஸ்ட் பயன்படுத்தியவர்களுக்கு, வைரஸ் தரவுத்தளம் புதுப்பிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும் குரல் நினைவிருக்கும். அத்தகைய குரல்கள் எல்லாப் பதிப்பிலும் அப்படியே தொடரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. உங்கள் பதிப்பின் அமைப்புகளில் ஒலி என்ற சொல்லே எங்கும் இல்லையென்றால், அடுத்த பகுதியில் சொல்லும் வழி இன்னும் முக்கியமாகிறது.

விண்டோஸின் பழைய ஒலிப் பலகை

என் அனுபவத்தில் மிகுதியான பிரச்சினைகள் தீர்வது இந்த இடத்தில்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறிய பெட்டியில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நான்கு தாவல்கள் கொண்ட பலகை திறக்கும். மூன்றாவதாக உள்ள சவுண்ட்ஸ் தாவலைத் தேர்ந்தெடுங்கள்.

மேலே சவுண்ட் ஸ்கீம் என்று ஒரு தேர்வு இருக்கும். அது நோ சவுண்ட்ஸ் என்று இருந்தால் எல்லா நிகழ்வுகளின் ஒலியும் நீக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் டிஃபால்ட் என்று மாற்றுங்கள். விண்டோஸின் தோற்ற அமைப்பான தீம் ஒவ்வொன்றும் பின்னணிப் படத்தையும் நிறத்தையும் மட்டுமல்லாமல் ஒலித் தொகுப்பையும் தன்னோடு சேர்த்தே கொண்டுவருகிறது. ஆகவே இயங்குதளம் மாறிய பின் புதிய தீம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், நீங்கள் முன்பு தேர்ந்துவைத்த ஒலிகள் அதனோடு மாறியிருக்கும்.

கீழே புரோகிராம் ஈவென்ட்ஸ் என்ற நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் விண்டோஸ் என்ற தலைப்பும் அதற்குரிய நிகழ்வுகளும் வரும். இன்னும் கீழே இறங்கினால் மற்ற நிரல்களின் பெயர்கள் தனித்தனித் தலைப்புகளாக வரும். தன் ஒலிகளை விண்டோஸிடம் பதிவு செய்துகொள்ளும் ஆன்டிவைரஸ் என்றால், அதன் பெயரும், அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது, புதுப்பித்தல் முடிந்தது போன்ற நிகழ்வுகளும் அங்கே இருக்கும். ஒரு நிகழ்வின் பக்கத்தில் சிறிய ஸ்பீக்கர் படம் இருந்தால் அதற்கு ஒலி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நிகழ்வைத் தேர்ந்து, டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்.

இப்போது மூன்றில் ஒன்று நடக்கும். ஒலி கேட்டால், ஒதுக்கீட்டில் குறையில்லை. முன் பகுதிகளில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஸ்பீக்கர் படமே இல்லையென்றால், ஒதுக்கீடு அழிந்துவிட்டது. படம் இருந்தும் டெஸ்ட் அழுத்தினால் ஒலி இல்லை என்றால், விண்டோஸ் வைத்திருக்கும் முகவரியில் அந்த ஒலிக்கோப்பு இப்போது இல்லை. ஆன்டிவைரஸின் புதிய பதிப்பு தன் கோப்புறையின் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். பின்னிரண்டு நிலைகளுக்கும் தீர்வு ஒன்றே: பிரௌஸ் பொத்தானை அழுத்தி ஒரு வேவ் கோப்பை (பெயர் .wav என்று முடியும் ஒலிக்கோப்பை) தேர்ந்து, அப்ளை கொடுக்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மீடியா என்ற கோப்புறையில் இத்தகைய கோப்புகள் பல இருக்கின்றன. முடித்ததும் சேவ் அஸ் பொத்தானால் இந்தத் தொகுப்புக்கு உங்கள் கடைப் பெயரையே வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஏதாவது மாறினால் ஒரே சொடுக்கில் திரும்பப் பெறலாம்.

ஆன்டிவைரஸின் பெயர் பட்டியலிலேயே இல்லையென்றால், விண்டோஸ் தலைப்பின் கீழ் நோட்டிஃபிகேஷன் என்ற நிகழ்வைத் தேடி, அதற்கு ஒலி இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபெண்டர் உட்பட விண்டோஸ் அறிவிப்பு வழியாகப் பேசும் ஆன்டிவைரஸ்கள் பொதுவாக இந்த ஒலியையே பயன்படுத்துகின்றன.

இங்கே இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்த ஒதுக்கீடுகள் கணினி முழுமைக்கும் பொதுவானவை அல்ல. ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுபவை. முதலாளி ஒரு கணக்கிலும் வேலை செய்பவர் இன்னொரு கணக்கிலும் நுழைகிற கடையில், முதலாளியின் கணக்கில் சரி செய்தது மற்றவரின் கணக்குக்குப் போய்ச் சேராது. மாற்றத்தின்போது புதிதாகக் கணக்கு தொடங்கியிருந்தால், அதற்கும் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே செய்ய வேண்டும்.

பலகையை மூடும் முன் நான்காவது தாவலான கம்யூனிகேஷன்ஸையும் ஒரு முறை பாருங்கள். கணினி வழியாகத் தொலைபேசி உரையாடல் நடப்பதாக விண்டோஸ் உணர்ந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைத்துவிடும் தேர்வு அங்கே இருக்கிறது. காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் டு நத்திங் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதேபோல், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் நேரேட்டர், தான் வாசிக்கும்போது மற்ற நிரல்களின் ஒலியைத் தாழ்த்தக்கூடியது. அதன் அமைப்புகளில் அந்தத் தேர்வை எடுத்துவிடுவது அவர்களுக்கு மிக அவசியம். திரையின் மூலையில் தோன்றி மறையும் பெட்டியைவிட அவர்களுக்குச் சத்தமே முதல் எச்சரிக்கை.

வால்யூம் மிக்ஸரையும் மறக்க வேண்டாம். ஸ்பீக்கர் சின்னத்தை வலச்சொடுக்கினால் அதைத் திறக்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் தனி அளவு அங்கே இருக்கும். ஆனால் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும், அல்லது அண்மையில் எழுப்பிய நிரல்கள் மட்டுமே பொதுவாக அதில் தெரியும். ஆன்டிவைரஸின் பெயரோ சிஸ்டம் சவுண்ட்ஸ் என்பதோ பூச்சியத்தில் இருந்தால் உயர்த்துங்கள். கீழே உள்ள ரீசெட் பொத்தான் எல்லா நிரல்களையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

தமிழிலேயே எச்சரிக்கச் செய்யலாம்

எந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் குரலையே பதிந்து வையுங்கள் என்பதுதான். மணியோசையைக் கேட்டால் அது மின்னஞ்சலா, அச்சு இயந்திரமா, வைரஸா என்று குழப்பம் வரும். "வைரஸ் இருக்கு, பென் டிரைவை எடு" என்று வீட்டுக் குரலில் கேட்டால் புதிதாக வந்த பிள்ளைக்கும் உடனே புரியும். விண்டோஸ் 11-இல் உள்ள சவுண்ட் ரெக்கார்டர் நிரலைத் திறந்து, அதன் அமைப்புகளில் கோப்பு வடிவத்தை வேவ் என்று மாற்றிவிட்டு, மூன்று அல்லது நான்கு நொடிக்கு மிகாமல் பேசிப் பதியுங்கள். இந்த ஒலிப் பலகை வேவ் வடிவத்தை மட்டுமே ஏற்கும் என்பதால் எம்பி3 கோப்பு பயன்படாது. பதிந்த கோப்பை மேசைத்திரையில் போட்டுவைத்தால் யாராவது துப்புரவு செய்யும்போது அழித்துவிடுவார்கள். மியூசிக் கோப்புறையில் தனி இடம் ஒதுக்கி வையுங்கள். ஆன்டிவைரஸின் சொந்தக் கோப்புறைக்குள் நுழைந்து அங்குள்ள ஒலிக்கோப்பை மாற்ற முயல வேண்டாம். தன் கோப்புகளை யாரும் தொடாதபடி அது காத்துக்கொள்ளும்; அந்தக் காவலை அணைத்துவிட்டு மாற்றுவது தேவையற்ற ஆபத்து.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நோட்டிஃபிகேஷன் என்ற பொது நிகழ்வுக்கு இந்தக் குரலைக் கொடுத்தால் எல்லா அறிவிப்புக்கும் வைரஸ் என்றே கத்தும்; இரண்டே நாளில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆன்டிவைரஸுக்கென்று தனி நிகழ்வு பட்டியலில் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

மறுபடி நிறுவ வேண்டி வந்தால்

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை, அல்லது ஆன்டிவைரஸே விலகிவிட்டது என்றால், அதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுவதே வழி. முதலில் உரிம எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் இருக்கும், அல்லது வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் இருக்கும். பிறகு நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குச் சென்று விண்டோஸ் 11-க்குப் பொருந்தும் பதிப்பை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாகப் பழையதை நீக்கி, மறுதொடக்கம் செய்துவிட்டுப் புதியதை நிறுவுங்கள். நீக்கும்போது பிழை வந்தால், முழுமையாக நீக்குவதற்கென்றே பல நிறுவனங்கள் தனிக் கருவி ஒன்றைத் தங்கள் தளத்தில் தருகின்றன, அதைப் பயன்படுத்துங்கள். கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி இரண்டு ஆன்டிவைரஸ்களைச் சேர்த்து நிறுவக்கூடாது. ஒன்றையொன்று தடுத்து, இரண்டுமே தடுமாறும்.

நம் ஊர்களில் மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் யுபிஎஸ் இல்லாத கணினியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விசைப்படகுகளுக்கான தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கூட்டம் குறைவாக இருக்கும் கடைக்காரர்கள் பெரிய மாற்றங்களை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

சத்தம் போனது என்பதற்காகப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாமா என்று கேட்கிறார்கள். மேம்படுத்திய 10 நாட்களுக்குள் திரும்பும் வசதி செட்டிங்ஸின் ரெக்கவரி பகுதியில் இருப்பது உண்மை. ஆனால் ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு ஒலிக்காகத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போலிச் சத்தத்தை நம்பாதீர்கள்

இந்தத் தேடலின் நடுவே இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. இணையத்தில் எதையோ தேடும்போது திடீரென்று திரை முழுவதும் ஒரு பக்கம் விரிந்து, பலத்த ஒலியோடு, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று கூறும். அது உங்கள் ஆன்டிவைரஸின் சத்தம் அன்று. உலாவியில் திறந்த ஒரு மோசடிப் பக்கத்தின் சத்தம். உண்மையான ஆன்டிவைரஸ் எச்சரிக்கை தொலைபேசி எண்ணைக் கொடுத்து அழைக்கச் சொல்லாது. மௌஸ் அசைய மறுத்தாலும் கலங்காமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடுங்கள். அந்த எண்ணை அழைத்துப் பணம் கொடுத்துவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி எடுப்பதும் ஆபத்தே. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையோ ஆன்டிவைரஸின் உள்ளேயே இருக்கும் உதவிப் பக்கத்தையோ மட்டும் நம்புங்கள்.

உண்மையான வைரஸ் இல்லாமல் சோதித்துப் பார்க்க

எல்லாம் முடிந்த பிறகு சத்தம் வருகிறதா என்று அறிய வைரஸ் உள்ள பென் டிரைவைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதற்கென்றே ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு ஒரு சோதனைக் கோப்பை வெளியிட்டிருக்கிறது. 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட அந்தக் கோப்பு எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் ஏறக்குறைய எல்லா ஆன்டிவைரஸ்களும் அதைக் கண்டவுடன் உண்மையான வைரஸைக் கண்டதுபோலவே நடந்துகொள்ளும்படி ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகாரின் சொந்தத் தளத்திலிருந்து அதை இறக்குங்கள். சில நேரங்களில் உலாவியே முந்திக்கொண்டு அதைத் தடுத்துவிடும். அது ஆன்டிவைரஸின் எச்சரிக்கை ஆகாது. அப்படி நேர்ந்தால் அதே தளத்தில் ஜிப் வடிவில் கிடைப்பதை இறக்கி, விரித்துப் பாருங்கள். கோப்பு வெளியே வந்த கணத்தில் பெட்டி தோன்ற வேண்டும். சத்தமும் கேட்க வேண்டும்.

பெட்டி வந்து சத்தம் வராவிட்டால், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்துக்கும் ஒலிப் பலகைக்கும் திரும்புங்கள். இரண்டுமே வராவிட்டால் காவலைப் பற்றிய முதல் பகுதிக்குத் திரும்புங்கள். இரண்டும் வந்துவிட்டால், மின்விசிறியையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் ஓடவிட்டு, நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு இன்னொருவரை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அமைதியான அறையில் கேட்ட சத்தம் பகல் பதினொரு மணிக் கூட்டத்தில் கேட்காமல் போகலாம். அந்த இரைச்சலிலும் காதில் விழும் அளவுக்கு ஒலியை உயர்த்திவையுங்கள். பிறகு கடையில் வேலை செய்யும் மற்றவர்களின் கணக்குகளிலும் ஒவ்வொன்றாக நுழைந்து இதே சோதனையைச் செய்து, தனிமைப்படுத்தப்பட்ட கோப்புகளின் பட்டியலிலிருந்து அந்தச் சோதனைக் கோப்பை அழித்துவிடுங்கள்.